பொதுக்குடம்: ஒத்துழைப்பு எப்படிக் கலைகிறது என்று வகுப்பில் ஆடிப் பார்க்கும் முறை

மனிதருக்கு ஒழுக்க உணர்வு எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் கேட்டால், பத்து நிமிடத்தில் ‘மனிதன் நல்லவனா, கெட்டவனா’ என்று பட்டிமன்றம் தொடங்கிவிடும். பேச்சைத் தொடங்கும் முன்பே ஒருமுறை ஆடிவிட்டால் அது நடக்காது. பொருளியலார் பொதுப்பண்ட விளையாட்டு என்று சொல்வதைத்தான் இங்கே பொதுக்குடம் என்கிறோம். 24 பேர், துண்டுச் சீட்டுகள், ஒரு கால்குலேட்டர், 50 நிமிடப் பாடவேளை இரண்டு. இவ்வளவு போதும்.

விதி

நான்கு பேர் ஒரு குழு. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு 20 புள்ளி. அதில் 0 முதல் 20 வரை எத்தனை வேண்டுமானாலும் குடத்தில் போடலாம், மிச்சம் கையில் இருக்கும். குடத்தில் சேர்ந்ததை 1.6-ஆல் பெருக்கி, யார் எவ்வளவு போட்டார் என்று பார்க்காமல் நால்வருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். அதாவது குடத்தில் விழும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆளுக்கு 0.4 கிடைக்கும்.

வரவு = 20 − தான் போட்டது + (0.4 × குடத்தின் மொத்தம்)

நால்வரும் இருபதையும் போட்டால் ஆளுக்கு 32. யாரும் போடாவிட்டால் ஆளுக்கு 20. மூவர் 20 போட, ஒருவர் மட்டும் கையை மூடிக்கொண்டால் மூவருக்கும் தலா 24, அவருக்கு 44. விளையாட்டின் முடிச்சு அந்த 44-தான். ஒருவர் மட்டும் 20 போட்டு மற்றவர்கள் ஒன்றும் போடாவிட்டால் போட்டவருக்கு 8, மற்றவர்களுக்கு 28.

1.6 என்ற எண்ணை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. அது ஒன்றைவிடப் பெரிதாக இருந்தால்தான் குழுவுக்கு லாபம். குழுவின் ஆள் எண்ணிக்கையைவிடச் சிறிதாக இருந்தால்தான் போடுபவருக்கு நட்டம். நால்வர் குழுவில் அதை 4 ஆக்கிவிட்டால் போட்ட புள்ளி முழுசாகத் திரும்பி வந்துவிடும், ஆடுவதற்கு எதுவும் இருக்காது. ஆள் எண்ணிக்கை சரியாக வகுபடாவிட்டால் ஐவர் குழு வைத்து, அதற்கு மட்டும் 2-ஆல் பெருக்குங்கள். ஆளுக்கு 0.4 என்பது மாறாது. 12-க்கு மேல் எத்தனை பேர் வந்தாலும் நான்கும் ஐந்துமாகப் பிரித்துவிட முடியும். மூவர் குழு வேண்டாம். 0.4-ஐக் காக்க 1.2-ஆல் பெருக்க வேண்டிவரும், அப்போது எல்லாரும் முழுதாகப் போட்டாலும் கிடைப்பது 24-தான். அந்த ஆசைக்கு யாரும் மயங்க மாட்டார்கள்.

முந்தின நாள் தயார் செய்ய வேண்டியவை

1 முதல் 24 வரை எண் எழுதிய மடித்த சீட்டுகள். ஏ4 தாளை எட்டாகக் கிழித்த துண்டுகள்: பங்குச் சீட்டுக்கு 24 × 12 = 288, கழிப்புச் சீட்டுக்கு (இரண்டாம் பகுதியில் ஒருவர் மற்றவரின் புள்ளியைக் குறைக்க எழுதுவது) 24 × 6 = 144. மொத்தம் 54 தாள். 0 முதல் 80 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் 0.4 மடங்கு எழுதிய அட்டவணை இரண்டு பிரதி. உதவியாளர் இருவர், ஒருவருக்கு மூன்று குழு. அட்டவணை கையில் இல்லாத உதவியாளர் நான்காம் சுற்றுக்குள் கணக்கில் தடுமாறிவிடுவார். அங்கே ஒரு பிழை வந்தால் அந்தக் குழுவின் மிச்சச் சுற்றுகள் எதற்கும் பயன்படா.

பரிசு அவசியம். பரிசே இல்லாமல் ஆடினால் எல்லாரும் பெருந்தன்மையாகவே எழுதுவார்கள், எழுத என்ன செலவு? கடைசியில் 1 முதல் 12 வரை சீட்டுக் குலுக்கி ஒரு சுற்றைத் தேர்ந்தெடுங்கள். அந்தச் சுற்றில் அவரவர் வரவில் 10 புள்ளிக்கு ஒரு கடலை மிட்டாய், மீதியை விட்டுவிடலாம். ஒரு குழுவின் உச்ச வரவு 128, ஆறு குழுவுக்கு 768. ஆகவே 80 மிட்டாய் வாங்கினால் எப்படி ஆடினாலும் போதும். எந்தச் சுற்று விழும் என்று தெரியாததால் பன்னிரண்டு சுற்றையும் கவனமாக ஆடுவார்கள்.

‘அதிகப் புள்ளி எடுத்தவருக்குப் பரிசு’ என்று மட்டும் அறிவித்துவிடாதீர்கள். இந்த விளையாட்டைக் கெடுக்க அதைவிட எளிய வழி கிடையாது. பக்கத்தில் இருப்பவரை முந்த வேண்டும் என்றால் போடாமல் இருப்பதே எப்போதும் சரியான ஆட்டம். அது ஓட்டப்பந்தயம், பொதுக்குடம் அல்ல.

சொல்லும் சொல்

விளக்கும்போது ‘நன்கொடை’, ‘உதவி’, ‘சுயநலம்’, ‘ஒழுக்கம்’ ஆகிய சொற்கள் வாயில் வரவே கூடாது. ‘குடத்தில் போடுவது’, ‘கையில் வைப்பது’ போதும். இது வீண் கெடுபிடி இல்லை. லீபர்மன், சாமுவேல்ஸ், ராஸ் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே விளையாட்டை ஒரு பிரிவினருக்கு ‘வால் ஸ்ட்ரீட் விளையாட்டு’ (அமெரிக்கப் பங்குச் சந்தைத் தெருவின் பெயர்) என்றும் மறு பிரிவினருக்கு ‘சமூக விளையாட்டு’ என்றும் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் பிரிவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரும் இரண்டாம் பிரிவில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஒத்துழைத்தார்கள். மாறியது பெயர் மட்டும்.

விளக்கி முடித்ததும் நான்கு கேள்வி கொடுங்கள்: எல்லாரும் 0 போட்டால் உனக்கு எவ்வளவு, எல்லாரும் 20 போட்டால், நீ மட்டும் 0 போட்டால், நீ மட்டும் 20 போட்டால். விடைகள் 20, 32, 44, 8. நான்கும் சரியாக வராதவரை ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது. புரியாமல் போட்ட புள்ளியும் பெருந்தன்மையாகப் போட்ட புள்ளியும் தாளில் ஒன்றுபோலவே தெரியும்.

உட்காரும் இடத்தையும் பாருங்கள். ஒரே குழுவின் நால்வர் அருகருகே இருந்தால் கண் ஜாடையிலேயே ஒப்பந்தம் முடிந்துவிடும். எண்களைக் குலுக்கிக் கொடுத்து, குழுப் பட்டியலை உதவியாளரிடம் மட்டும் வையுங்கள். 12 சுற்றுக்கும் குழு மாறாது என்பதைச் சொல்லலாம், குழுவில் யார் யார் என்பதைச் சொல்லக் கூடாது. மதிப்பெண் போடும் ஆசிரியரே சீட்டு வாங்கினால் எண்கள் உயரும். வேறு வகுப்பு ஆட்களை உதவிக்கு வைத்துக்கொண்டு, ஆசிரியர் சீட்டைப் பார்க்க மாட்டார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆட்டத்துக்கு முன் ஒரு சிறு அட்டவணை

பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் பின்னால் எண்களுக்குப் பொருள் சொல்ல உதவுவது இதுதான். ஒவ்வொருவரும் ஐந்து வரி நிரப்ப வேண்டும்: மற்ற மூவரும் சராசரியாக 0, 5, 10, 15, 20 போட்டால் நீ எவ்வளவு போடுவாய்? ஐந்து நிமிடம். வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள்.

ஃபிஷ்பாக்கர், கெக்டர், ஃபேர் மூவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் 44 பேரிடம் இப்படிக் கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் ‘மற்றவர் போட்டால் நானும் போடுவேன்’ என்ற வகை. 30 சதவீதம் பேர் யார் என்ன போட்டாலும் பூச்சியம். நிபந்தனையே இல்லாமல் அள்ளிப் போடுபவர் அரிதிலும் அரிது. உங்கள் வகுப்பிலும் நிபந்தனையோடு போடுபவரே அதிகம் வரக்கூடும். அவர்களும் பெரும்பாலும் மற்றவர் போடுவதைவிட ஒரு படி குறைவாகவே எழுதுவார்கள். அந்த ஒரு படியை நினைவில் வையுங்கள்.

முதல் பகுதி: ஆறு சுற்று, பேச்சில்லை

சுற்றுக்கு மூன்று நிமிடம். சீட்டில் தன் எண், சுற்று எண், போடும் புள்ளி எழுதித் தர வேண்டும். உதவியாளர் கூட்டி, அதே சீட்டின் பின்னால் குடத்தின் மொத்தத்தையும் ஒவ்வொருவருக்கும் கிடைத்த பங்கையும் எழுதித் திருப்பித் தருவார். தனித்தனியாக யார் எவ்வளவு போட்டார் என்று சொல்ல வேண்டாம்.

முதல் சுற்றின் சராசரி பெரும்பாலும் 8 முதல் 12-க்குள் வரும். பல பத்தாண்டுகளாகப் பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்ப வந்த அளவு இது: கையிருப்பில் 40 முதல் 60 சதவீதம். பிறகு இறங்கும். ஆறாம் சுற்றில் பல சீட்டுகளில் 0 இருக்கும். இறங்கவே இல்லை என்றால் யாரோ பேசிக்கொள்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

இரண்டாம் பகுதி: புள்ளிக் கழிப்பு

போடும் படி முன்பு போலவே. அதன் பிறகு உதவியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கழிப்புச் சீட்டு தருவார். அதில் மற்ற மூவரும் அந்தச் சுற்றில் போட்ட புள்ளிகள் அ, ஆ, இ என்ற பெயரில் இருக்கும். பெறுபவர் ஒவ்வொருவருக்கும் எதிரே 0 முதல் 5 வரை ஓர் எண் எழுதலாம். எழுதும் ஒவ்வொரு 1-க்கும் எழுதியவருக்கு 1 புள்ளி செலவு, எதிராளிக்கு 3 புள்ளி இழப்பு. கழிப்பால் யாருடைய வரவும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. எவ்வளவு இழந்தார் என்பது இழந்தவருக்குத் தெரியும், யார் கழித்தார் என்பது தெரியக் கூடாது.

அ, ஆ, இ வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் குலைத்து எழுதுங்கள். குலைக்காவிட்டால் ‘போன தடவை ஆ’ என்று குறிவைத்து வஞ்சம் தீர்ப்பார்கள். அந்தச் சுற்றின் நடத்தைக்காகக் கழித்தது எது, பழைய கணக்கைத் தீர்த்தது எது என்று பிறகு பிரிக்கவே முடியாது. சுற்றுக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும், அவசரப்படுத்தாதீர்கள்.

இந்த ஒன்றுக்கு மூன்று என்ற விகிதம் எர்ன்ஸ்ட் ஃபேரும் சைமன் கெக்டரும் 2002-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்விலிருந்து எடுத்தது. 240 மாணவர்கள், ஒவ்வொரு சுற்றிலும் புதுக் குழு. இனி சந்திக்கவே போகாத ஆளைக்கூடத் தன் காசைச் செலவழித்துத் தண்டித்தார்கள். தண்டனைகளில் சுமார் முக்கால்வாசி, சராசரிக்கு மேல் போட்டவர் சராசரிக்குக் கீழே போட்டவருக்குக் கொடுத்தவை. தண்டனை வந்ததும் குடம் நிறையத் தொடங்கியது.

வரிசை மாற்றம் முக்கியம். எல்லாக் குழுவும் முதலில் கழிப்பில்லாமல், பிறகு கழிப்போடு ஆடினால், ஏழாம் சுற்றில் வரும் ஏற்றத்துக்குக் கழிப்புதான் காரணம் என்று சொல்ல முடியாது. ‘இனி புதிதாகத் தொடங்குகிறோம்’ என்ற ஒரு சொல்லே எண்களை மேலே தூக்கும் என்பதை ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1988-இலேயே காட்டினார். அதனால் மூன்று குழுவுக்குக் கழிப்பை முதல் ஆறு சுற்றிலும், மற்ற மூன்றுக்குக் கடைசி ஆறிலும் வையுங்கள். ஒரே அறையில் இரண்டு விதியும் நடந்தால் குழப்பம் வரும், முடிந்தால் இரண்டு அறை.

எண்களை வாசிப்பது

கரும்பலகையில் சுற்று வாரியாகக் குழுச் சராசரிகளைக் கோடாக வரையுங்கள், குழுவுக்கு ஒரு கோடு. 24 பேர் ஆடினாலும் ஒன்றையொன்று பாதிக்காத அளவைகள் ஆறுதான். ஒரே குழுவின் நால்வர் ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறியவர்கள். 288 சீட்டையும் 288 தனித்தனிச் சான்றாக எடுத்துக்கொண்டு புள்ளியியல் சோதனை போடுவது கணக்கே அல்ல.

அடுத்து, இறக்கத்துக்கு யார் காரணம் என்று பாருங்கள். ஒவ்வொரு குழுவும் கழிப்பில்லாமல் ஆடிய ஆறு சுற்றுகளில் இரண்டாவது முதல் ஆறாவது வரை ஒவ்வொரு முடிவையும் எடுத்து, போன சுற்றில் குழுச் சராசரியைவிட அதிகம் போட்டவர் இப்போது குறைத்தாரா என்று குறியுங்கள். மொத்தம் 120 முடிவு, நாலு பேர் சேர்ந்தால் அரை மணி நேர வேலை. பிறகு ஒட்டிய உறைகளைப் பிரித்து, குறைத்தவர் எந்த வகை என்று ஒப்பிடுங்கள்.

மாணவர்கள் எதிர்பார்ப்பது ‘நாலு ஓசிக்காரர் கெடுத்தார்கள்’ என்ற விடையை. உறைகள் காட்டுவது பெரும்பாலும் வேறு. ஓசிக்காரர் முதல் சுற்றிலிருந்தே பூச்சியத்தில் நிற்கிறார், அவரால் கோடு இறங்க முடியாது. அவர் ஏற்கெனவே தரையில். இறங்குபவர்கள் நிபந்தனையோடு போட்டவர்கள். ஏமாந்ததாக உணர்ந்து ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி குறைக்கிறார்கள். அவர்கள் குறைப்பதைப் பார்த்து அவர்களைப் போன்ற இன்னொருவர் குறைக்கிறார். கையில் வேறு ஆயுதம் இல்லாததால் போடாமல் இருப்பதையே தண்டனையாக்குகிறார்கள். அந்த அடி ஓசிக்காரரோடு சேர்த்து நல்லவர் மீதும் விழுகிறது. ஓசிக்காரரே இல்லாத குழுவில்கூட, அந்த ‘ஒரு படி குறைவு’ குடத்தை மெல்ல வற்றவைத்துவிடும்.

கழிப்புச் சுற்றுகளில் இன்னொரு எண்ணிக்கை. கழித்தவரைவிடக் குறைவாகப் போட்டவரைக் கழித்தால் ‘வழக்கம்’. அதே அளவோ அதிகமோ போட்டவரைக் கழித்தால் ‘எதிர்’. எதிர்க் கழிப்பைப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஹெர்மன், தோனி, கெக்டர் மூவரும் உலகின் 16 இடங்களில் மாணவர்களை ஆடவைத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வின் பெரிய செய்தியே அதுதான். பாஸ்டன், மெல்பர்ன் போன்ற இடங்களில் எதிர்க் கழிப்பு சொற்பம். ஏதென்ஸ், மஸ்கட் போன்ற இடங்களில் அள்ளிப் போட்டவரையும் கழித்தார்கள், அங்கே தண்டனை குடத்தை அவ்வளவாக நிறைக்கவில்லை. தண்டனை என்ற கருவி எல்லா ஊரிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

பரிணாமத்தோடு சேர்த்துப் பேசும்போது

இப்போதுதான் உயிரியல். உறவினருக்கு உதவும் குணம் எப்போது பரவும் என்பதற்கு உயிரியலாளர் ஹாமில்டன் 1964-இல் கணக்குத் தந்தார். குழுவினர் உறவினர் அல்லர் என்பதால் அது இங்கே பொருந்தாது. 1971-இல் இன்னோர் உயிரியலாளர் டிரிவர்ஸ் சொன்ன கைம்மாறு, இருவருக்கிடையே நன்றாக வேலை செய்யும்: நீ செய்தால் நான் செய்வேன். மொய் நோட்டு அதன் எழுத்து வடிவம், யார் எத்தனை ரூபாய் என்று வரி வரியாக இருக்கும். குடத்தில் அப்படி ஆளைப் பார்த்துத் திருப்ப வழியில்லை. ஒருவரைத் தண்டிக்க நிறுத்தினால் நால்வருக்கும் நிற்கிறது. முதல் பகுதியின் இறங்குகோடு இந்த இடறலின் படம்.

மனிதக் குழுக்கள் இதை எப்படித் தாண்டின என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆய்வகத் தண்டனையை அப்படியே வேட்டைக் குழுக்களின் மேல் ஏற்றிப் பேசுவது தவறு என்பது எங்கள் கருத்து. ஆப்பிரிக்காவின் தெற்கே கலஹாரிப் பாலையில் வேட்டையாடி வாழ்ந்த ஜூஹோவான்சி மக்களிடம் ஆய்வு செய்த மானிடவியலாளர்கள் பதிவு செய்திருப்பது பெரும்பாலும் கேலி, குறைசொல்லல், ஊர்வாய் ஆகியவற்றையே. பெரிய வேட்டையோடு வருபவனின் இறைச்சியை ‘இந்த எலும்பையா இழுத்து வந்தாய்’ என்று பழித்து அவன் தலைக்கனத்தைத் தட்டி வைப்பார்கள். அடுத்தவரைத் திருத்தத் தனியாள் கைக்காசைச் செலவழிப்பது களத்தில் அபூர்வம்.

விளையாட்டை உள்ளூர் வழக்கத்தோடு பொருத்திப் பார்ப்பதும் நடக்கும். மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் குழுவினர் 15 சிறு சமூகங்களில் இத்தகைய விளையாட்டுகளை நடத்தியபோது, கென்யாவின் ஒர்மா மக்கள் பொதுக்குடத்தைக் கண்டதும் ‘இது ஹராம்பே’ என்றார்கள். பள்ளி கட்டவும் சாலை போடவும் ஊர் சேர்ந்து பணம் போடும் அங்கத்திய வழக்கம் அது. நம் ஊர் மாணவர்கள் கோயில் திருவிழாவின் தலைக்கட்டு வரியைச் சொல்லக்கூடும். சொன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே வீட்டுக்கு இவ்வளவு என்று தொகை முன்பே முடிவாகிறது, கொடுத்தவர் பெயர் மைக்கில் வருகிறது, கொடுக்காத வீடும் எல்லாருக்கும் தெரிகிறது. உங்கள் முதல் பகுதியில் இந்த மூன்றும் இல்லை. டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவதைக் கிண்டல் செய்கிறோம், வெளிச்சம் பாதி மறைந்தாலும் அந்த எழுத்துதான் அடுத்த விளக்கைக் கொண்டுவருகிறது.

இரண்டு பிழைகள் இந்தக் கட்டத்தில் தவறாமல் வரும். ‘இந்த உணர்வு பரிணாமத்தில் வந்தது, ஆகவே அது சரி’ என்பது ஒன்று. வந்த வழி வேறு, நியாயம் வேறு. கல்லூரி மாணவர் 24 பேரின் எண்களை ‘மனித இயல்பு’ என்று சொல்வது மற்றொன்று. 15 சமூக ஆய்வு ஒன்றே அதற்கு மறுப்பு: வேறொரு விளையாட்டில், தொகையைப் பிரித்துத் தர வேண்டிய ஆள், பெருவின் மச்சிகுவெங்கா மக்களிடையே சராசரியாக 26 சதவீதம் தந்தார், இந்தோனேசியாவின் லாமலேரா திமிங்கில வேட்டைக்காரரிடையே 58 சதவீதம் தந்தார்.

நேரம் மிஞ்சினால்

மூன்றாவது பாடவேளை கிடைத்தால் இரண்டு மாற்றம் செய்து பார்க்கலாம். ஒன்று, கழிப்பே இல்லாமல், சுற்றுக்கு முன் குழு மூன்று நிமிடம் பேசலாம் என்று விடுவது. ஒப்பந்தத்தை மீறினால் தண்டனை ஏதும் இல்லை, வெறும் பேச்சுதான். ஆனாலும் வெறும் பேச்சே ஒத்துழைப்பை நன்றாகக் கூட்டும் என்பதை, பொதுவளத்தைப் பகிரும் வேறொரு விளையாட்டில் எலினார் ஆஸ்ட்ரமும் அவருடைய சகாக்களும் 1992-இல் காட்டினார்கள். பொதுச் சொத்தை மக்களே காக்கும் வழிகளை ஆராய்ந்ததற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். இதற்குக் குழுவை ஒரு மூலையில் சேர்த்து உட்காரவைக்க வேண்டியிருப்பதால் மறைவு போய்விடும், ஆகவே கடைசியில்தான் வைக்க வேண்டும்.

மற்றொன்று, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் யார் எவ்வளவு போட்டார் என்று பெயரோடு படிப்பது. படிக்கப் போகிறோம் என்பதைச் சுற்று தொடங்கும் முன்பே சொல்லி, விருப்பமில்லாதவர் விலக இடம் கொடுங்கள். பெயர் வராது என்று ஆடவைத்துவிட்டு முடிந்தபின் பெயரை வெளியிட்டால், அடுத்த முறை அந்த வகுப்பில் யாரும் உண்மையான எண்ணை எழுத மாட்டார்கள். எண்களையும் பெயர்களையும் இணைக்கும் பட்டியலை மிட்டாய் கொடுத்து முடித்ததும் எல்லார் முன்பும் கிழித்துவிடுங்கள்.